உப்புப் பார்க்க ஆளில்லாத வெள்ளிக்கிழமை

நான் மொன்றியலுக்குப் போனதற்கு முழுக் காரணம் இரண்டு கிலோ ஒடியல் மா. ரொறன்ரோவில் தங்கை மகளின் கலியாணம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு கிழமை கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும்போது என் பள்ளித் தோழன் அன்ரனின் அக்கா, தம்பியிடம் கொடுக்கச் சொல்லி, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவையும் வறுத்து இடித்த கறித்தூளையும் ஒரு பொதியாகக் கட்டித் தந்திருந்தார். ரொறன்ரோவிலிருந்து தபாலில் போட்டிருக்கலாம்தான். ஆனால் நான் முப்பது வருடத்துக்கு மேல் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். அதனால் நானே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவுசெய்தேன்.

புதன்கிழமை பின்னேரம் மொன்றியலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். குளிர் என்றால் என்னவென்று ரொறன்ரோவிலேயே படித்து முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அது பாலர் வகுப்பு. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரல் இருக்கிறதா என்பது அடுத்த சந்தேகமாகிவிட்டது. போதாக்குறைக்குப் பொதியின் ஒரு மூலை கிழிந்து என் கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளைத் தூள். பக்கத்து ஆசனத்து அம்மையார் இரண்டு மணித்தியாலமாக என் பக்கம் திரும்பாமல் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

அன்ரன் எனக்காகக் காத்து நின்றான். அன்று திருநீற்றுப் புதன். கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்கும் நாள். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறான். அவன் நெற்றியில் சாம்பலால் ஒரு சிலுவை. என் நெற்றியில் வழக்கம்போல மூன்று குறி. நாற்பது வருடத்துக்குப் பிறகு சந்தித்த இரண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஒரே நீறுதான், போட்ட விதம் வேறு.

காரில் ஏறியதும் சுகம் விசாரிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் த்ரீஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். டோர்வலில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் அன்ரனுக்கு வேலை. த்ரீஸ் அங்கே அவனோடு ஒரே மேசையில் நிற்கும் மொரோக்கோக்காரன். அன்ரன் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாரின் நள்ளிரவுப் பூசையில் பாடுகிறவன். அந்த இரவில் வேலை விழும்போதெல்லாம், கேட்காமலே த்ரீஸ் அவனுக்குப் பதிலாக நிற்பானாம். ஒன்பது நத்தாராக இதுதான் வழக்கம்.

"அவன்ரை மனுசி நயீமா தாய்க்குச் சுகமில்லையெண்டு மொரோக்கோவுக்குப் போட்டா," என்றான் அன்ரன். "இவன் தனிய நோன்பு பிடிக்கிறான். இண்டைக்குத்தான் துவங்கினது. திறக்கப்போறது என்னத்திலை தெரியுமோ? பேணியிலை அடைச்ச சூப்பிலை. நான் உயிரோட இருக்கேக்கை அது நடக்கலாமோ?"

இந்த வருடம் தவக்காலமும் ரமழானும் கைகோர்த்துக்கொண்டு வந்திருந்தன. மொரோக்கோக்காரர்கள் நோன்பு திறப்பது ஹரீரா என்ற சூப்போடு. பருப்பு, கடலை, தக்காளி, இறைச்சி எல்லாம் சேர்ந்து கொதித்து, கடைசியில் மாக் கரைத்துவிட்டுத் தடிப்பாக்குவது. எங்கள் கூழுக்கு மச்சான் முறை என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை லீவு எடுத்து, ஒரு பானை ஹரீரா தன் கையால் வைத்து, நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சுடச்சுட த்ரீஸின் முன்னால் கொண்டுபோய் வைப்பது என்று அன்ரன் நேர்ந்துவிட்டான். நயீமாவிடம் இரகசியமாகச் செய்முறையும் கேட்டாயிற்று. அவ பிரெஞ்சில் பேசி அனுப்பிய ஒலிச்செய்தி அவன் கைபேசியில் இருந்தது.

இந்த மனிதன் ஊரில் தேத்தண்ணி போட்டால் தேயிலைக்குத் தனியாகக் கரண்டி தேட வேண்டியிருக்கும் என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் ஒன்பது நத்தார் என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அன்ரனின் மனைவி ஜெசியும் மகள் மெலனியும் இருந்தார்கள். ஜெசி ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெறி ஒன்றில் வேலை செய்கிறா. விடிய ஆறு மணிக்கே போய்விடுவா. ஹரீராத் திட்டத்தைக் கேட்டுவிட்டு, குசினியைத் தந்தபடியே திருப்பித் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதி தந்தா. மெலனி டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போகிறவள். பிரெஞ்சு அவளுக்கு மூச்சு. தமிழ் கொஞ்சம் யோசித்து வரும். அவள் ஒலிச்செய்தியைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டு, தேவையான சாமான்களை மட்டும் பிரெஞ்சில் ஒரு துண்டில் எழுதித் தந்தாள். செய்முறையை வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

வியாழன் சாமான் வாங்கும் நாள். முதலில் பானை. வீட்டில் நல்ல பெரிய பானைகள் மூன்று இருந்தன. அவற்றில் பன்றி ஏறி இறங்காத பானை ஒன்றுகூட இல்லை. த்ரீஸ் அதையெல்லாம் பெரிதாக எடுக்கமாட்டான், கழுவினால் போதும் என்று சொல்லுவான் என்றான் அன்ரன். அப்படிச் சொல்லுவான் என்பதற்காகவே புதுப் பானை வாங்க வேண்டும் என்றும் அவனே சொன்னான். எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது.

பானையை வாங்கிக்கொண்டு மெட்ரோவில் நீலப் பாதையின் மறு முனைக்குப் போனோம். அங்கேதான் மொரோக்கோ, அல்ஜீரியாக் கடைகள். படியில் இறங்கும்போது மூடி என் கையிலிருந்து நழுவியது. அது விழுந்து நின்றிருந்தால் ஒன்றுமில்லை. விளிம்பில் நிமிர்ந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஓசை எழுப்பி, கீழே மேடை முழுக்க உருண்டு, ஒரு இளம் பெண்ணின் காலடியில் சுழன்று சுழன்று ஓய்ந்தது. அவள் எடுத்துத் தந்து "பொன்ழூர்" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் மெர்சி. அதை மூன்று தரம் சொன்னேன்.

இறைச்சிக் கடையில் எனக்கும் அன்ரனுக்கும் சிறு தகராறு. ஹரீராவுக்குச் செம்மறி வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிடாய் இறைச்சி தின்று வளர்ந்த எவனும் செம்மறியை மதிக்கமாட்டான். மொச்சை நாற்றம் வரும் என்றேன். வாசித்த துண்டுக்கு மாறாக ஒரு இழை வாங்கமாட்டேன் என்றான் அவன். உண்மையில் அவன் துண்டை வாசிக்கவே இல்லை. கடைக்காரரிடம் துண்டையே கொடுத்துவிட்டான். அந்த மனிதர் கடலை, பருப்பு, தக்காளி, கறுவா, இஞ்சி, கொத்தமல்லி இலை என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து, கடைசியில் மெல்லிய தண்டோடு இன்னொரு இலைக்கட்டையும் பையில் செருகினார். பார்வைக்குக் கொத்தமல்லிக்கு அண்ணன் போல இருந்தது. மணமோ வேறு.

அது என்னவென்று அன்ரனிடம் கேட்டேன். எங்கள் ஊர்ச் சந்தையில் மரக்கறி வாங்கினால் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை சும்மா தருவார்களே, அதுபோலத்தான் என்றான். மொரோக்கோக்காரர்களும் நல்ல மனிதர்கள் என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மெலனிக்குத் திடீரென்று வகுப்பில் ஏதோ பரீட்சையாம். காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே ஓடினாள். செய்முறையை யார் சொல்வது என்று அன்ரன் பின்னால் கத்தினான். ஒலிச்செய்தி கைபேசியில்தானே இருக்கிறது என்றாள். போகும்போது கதவில் நின்று, தான் வீகன், முட்டைகூடத் தொடாதவள், ருசி பார்க்கத் தன்னை நம்பி இருக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்ரன் தவக்காலம் முழுக்க மச்சம் மாமிசம் தொடமாட்டான். ஜெசியும் அப்படியே, இருந்தாலும் அவ வேலையில். நான் மற்ற நாளில் எதையும் சாப்பிடுவேன். ஆனால் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். அறுபது வருடமாக நல்லூரானுக்குக் கொடுத்த வாக்கு; ஒரு கரண்டி செம்மறிச் சூப்புக்காக விடமுடியாது. குடிக்கப்போகிற த்ரீஸோ பொழுது படும்வரை பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டான். ஆக, அந்தக் குசினியில் ஒரு பானை சூப் கொதிக்கப்போகிறது, அதற்கு உப்புப் பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லை.

"பயப்பிடாதை," என்றான் அன்ரன். "மனுசி சொல்லியிருக்கிற அளவை அப்பிடியே போட்டால் ருசி பாக்கத் தேவையில்லை."

அன்ரனின் பிரெஞ்சு சமையற்கூடத்துப் பிரெஞ்சு. அதில் உப்பு, மிளகு, சீனி, கோழி, கெதியா, பிழை, திருப்பிச் செய் ஆகிய சொற்கள் உண்டு. வேறு அதிகம் இல்லை. ஒலிச்செய்தியை ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். நயீமாவின் குரல் இனிமையாக இருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள், தாயாக இருக்கும். வெங்காயமும் இறைச்சியும் வதக்கச் சொன்னதை அன்ரன் பிடித்துவிட்டான். மஞ்சள், இஞ்சி, கறுவா, மிளகு எல்லாம் போயிற்று. தக்காளியை நான் அரைத்தேன். ஊறவைத்த கடலையையும் பருப்பையும் போட்டோம். மணம் எழும்பியபோது, செம்மறியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

அப்போதுதான் அந்த வசனம் வந்தது. அன்ரன் அதை நான்கு தரம் போட்டுக் கேட்டான். "பொன் புவாஞ்ஞே எண்டால் நல்ல ஒரு கைப்பிடி. செல் எண்டால் உப்பு. நல்ல ஒரு கைப்பிடி உப்பு."

சொல்லுக்குப் பின்னால் "ரி" என்று ஒரு இழுவை கேட்கிறதே என்றேன். மொரோக்கோ ஆட்கள் இழுத்துத்தான் பேசுவார்கள் என்றான். ஐந்து லீற்றர் பானைக்கு ஒரு கைப்பிடி உப்பு கொஞ்சம் தாராளமாகத் தோன்றியது. அன்ரனின் கை வேறு, நாள் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கி அகன்ற கை. ஆனாலும் அவனுக்கு அதற்கும் நியாயம் இருந்தது. அது பாலைவன நாடு, வேர்வையில் உப்பெல்லாம் போய்விடும், அந்தச் சனத்துக்கு உப்புக் கூடத்தான் வேண்டும் என்றான். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிர். த்ரீஸுக்கு எங்கே வேர்க்கப்போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில், மாக் கரைத்துவிடச் சொல்லும் இடத்தில், நயீமா மீண்டும் அதே சொல்லைச் சொன்னா. இன்னும் ஒரு கைப்பிடி. அன்ரன் தயங்காமல் போட்டான். மாவுக்காக அவன் கண் என் ஒடியல் மாப் பொதியை நோக்கிப் போனதைக் கண்டு, அதை எடுத்து ஐஸ்பெட்டிக்கு மேல் வைத்தேன். சர்வதேசச் சிக்கல் ஒன்றை அந்த அளவில் தடுத்தேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது. சும்மா வந்த இலைக்கட்டை அன்ரன் ஒரு கிளாசில் தண்ணீர் விட்டு, பூப்போல யன்னலில் வைத்தான்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. யாராவது ஒருவர் ஒரு கரண்டி குடித்துச் சொன்னால் நிம்மதி. கீழ் வீட்டில் ஒரு வயதான கியூபெக் மதாம் தனியாக இருந்தா. ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு போனோம். மதாம் ஆசையோடு வாங்கி, ஒரு கரண்டி வாயில் வைத்தா. முகம் எலுமிச்சங்காயைக் கடித்ததுபோலச் சுருங்கியது. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "ட்ரே சலே," என்றா. சரியான உப்பு, அதாவது உப்புக் கரிக்கிறது என்று அர்த்தம்.

படியேறி வரும்போது அன்ரன் மட்டும் உற்சாகமாக இருந்தான். "மதாமுக்குப் பிரஷர். டாக்குத்தர் உப்பை நிப்பாட்டிப் போட்டார். உவ தின்னுற பாண் துண்டையும் உப்பெண்டு சொல்லுறவ. உவவுக்கு சரியான உப்பெண்டால் எங்களுக்கு அளவாத்தான் இருக்கும்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. இந்த இடத்தில் நான் அவனை நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூன்றரைக்குப் புறப்பட்டோம். எனக்கென்று ஒரு கோப்பை சூப்பை மறுநாளைக்காக அன்ரன் எடுத்துவைத்தான். பிறகு கீழே இறங்கிப் பார்த்தால், கார் விறைத்துப்போய்க் கிடந்தது. திறப்பைத் திருப்பினால் ஒரு முனகல் மட்டும் வந்தது. நோன்பு திறக்கும் நேரம் ஐந்தரை மணிக்குக் கிட்ட. த்ரீஸுக்கு இடைவேளை அரை மணித்தியாலம்தான். அன்ரனின் முகம் வெளிறிப்போய்விட்டது. பானையின் காதுகளைப் பிடித்தபடி, பஸ்ஸில் போவோம் என்றான்.

சூடு போகாமலிருக்க ஜெசியின் பழைய குளிர்கோட்டைப் பானைக்கு அணிவித்து, பொத்தான் பூட்டி, கழுத்தில் கம்பளிச் சால்வையும் சுற்றினோம். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு இளைஞன் எழுந்து இடம்தந்தான். நான் உட்காரப் போனேன். அன்ரன் என்னை விலக்கிவிட்டுப் பானையை இருத்தினான். இளைஞன் குனிந்து சால்வைக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே பாட்டியைக் காணாமல் குழம்பிப்போனான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பானை உள்ளுக்குள் கொளக் என்றது. பஸ் முழுக்கக் கறுவாவும் மல்லியும் மணந்தது.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் கைபேசியில் சென்னைத் தமிழில் யாருக்கோ நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தான்: "மச்சி, சத்தியமா சொல்றேன், ரெண்டு அங்கிள்ஸ் ஒரு குண்டானுக்கு ஸ்வெட்டர் மாட்டி சீட்ல உக்கார வெச்சிருக்காங்கடா. ஒருத்தர் நெத்தில பட்டை வேற." எங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட்டான் போலும். இறங்கும்போது அவனைப் பார்த்து, இது ஸ்வெட்டர் இல்லைத் தம்பி, கோட்டு என்று திருத்திவிட்டு இறங்கினேன். அவன் அடுத்த தரிப்புவரை தலையைத் தூக்கியிருக்கமாட்டான்.

டோர்வலில் இறங்கியபோது மேற்கே வானம் சிவந்திருந்தது. உறைபனியில் நான் இரண்டு தரம் சறுக்கினேன். இரண்டு தரமும் அன்ரன் என்னைப் பிடிக்கவில்லை, பானையைப் பிடித்தான். வேலைக்காரர் சாப்பிடும் அறைக்குள் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நுழைந்தபோது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ மிச்சம் இருந்தது. மூலை மேசையில் நெட்டையாய், தலையில் வலைத்தொப்பியோடு த்ரீஸ் இருந்தான். முன்னால் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் திறக்காத சூப் பேணி ஒன்றும்.

அன்ரன் பேணியை எடுத்து அப்பால் வைத்தான். பானையின் பொத்தான்களைக் கழற்றினான். மூடியைத் திறந்ததும் த்ரீஸ் எழுந்து நின்றுவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை ஒருதரம் தடவினான். அவனுடைய கைபேசியில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, அன்ரன் ஊற்றிய கோப்பையை எடுத்து முதல் கரண்டியை வாயில் வைத்தான்.

கரண்டி வாயிலேயே நின்றது. கண் கலங்கியது. எனக்கும் கலங்கிவிட்டது. அன்ரன் என் கையைப் பிடித்து, மனுசியை நினைச்சிட்டான் என்று காதுக்குள் சொன்னான்.

த்ரீஸ் விழுங்கினான். அன்ரனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து அந்தக் கோப்பையை முடித்தான். தண்ணீர் குடித்தான். இரண்டாவது கோப்பை. இன்னும் தண்ணீர். எங்கள் ஊரில் உறைப்புக் கறி வாய்த்தால் தண்ணீர் தண்ணீராகக் குடிப்போமல்லவா. அதை நினைத்துத்தான் அன்ரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியோ, தண்ணி தண்ணியாக் குடிக்கிறான். அவ்வளவு ருசி."

வேறு இரண்டு மொரோக்கோக்காரர் மணத்துக்கு எழும்பி, கோப்பைகளோடு வந்தார்கள். த்ரீஸ் பானையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவர்களோடு அரபியில் ஏதோ சண்டைபோட்டுத் துரத்திவிட்டான். ஒரு துளி கொடுக்கவில்லை. மூன்றாவது கோப்பையும் முடிந்ததும் பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னான். அன்ரன் என்னிடம் திரும்பி, குரல் தழுதழுக்க மொழிபெயர்த்தான். "தன்ரை பெண்சாதிகூட ஒருநாளும் இப்பிடி வைச்சதில்லையாம்."

திரும்பும் வழியெல்லாம் அன்ரன் நத்தார்ப் பாட்டுப் பாடினான். தவக்காலத்தில் நத்தார்ப் பாட்டா என்று கேட்டேன். இன்றைக்கு மாதா மன்னிச்சுவிடுவா என்றான்.

சனிக்கிழமை என் முறை. மத்தியானம் அன்ரன் சூப்பைச் சூடாக்கி, தேசிக்காயும் வெட்டி, என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உயிர்த்த ஞாயிறுவரை அவனால் ருசி பார்க்க முடியாது. என் நாக்குத்தான் அவனுக்கு நாக்கு. நான் ஒரு கரண்டி குடித்தேன்.

சின்ன வயதில் கடலோரத்துக் கீரிமலைக் கேணியிலிருந்து தப்பிக் கடலுக்குள் விழுந்து ஒரு வாய் குடித்திருக்கிறேன். அதுதான் நினைவுக்கு வந்தது. காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதே வேளை, மூன்று கோப்பையை முடித்த ஒரு நெட்டை மனிதனின் கலங்கிய கண்ணும் பளிச்சென்று ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு, அந்த மனிதன் இதை மூன்று கோப்பை குடித்திருக்கிறான்.

"எப்பிடி?" என்றான் அன்ரன்.

அவன் முகத்தைப் பார்த்தேன். பள்ளியில் பரீட்சை மறுமொழிக்குக் காத்து நின்ற அதே பழைய முகம். நல்லாயிருக்கு என்றேன். கோப்பையை முடித்தேன். ஐந்து கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

"நீயும் தண்ணி குடிக்கிறாய்," என்றான் அவன், சந்தோசமாக. பிறகு, வருகிற வெள்ளியும் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போய்விட்டான்.

அவன் போனதும் மெலனியைக் கூப்பிட்டு, இரண்டு கைப்பிடி உப்புக் கதையைச் சொல்லி, அவன் மறந்து விட்டுப்போன கைபேசியில் ஒலிச்செய்தியைப் போடச் சொன்னேன். கேட்டாள். முகம் மாறியது. இன்னொருதரம் கேட்டாள். பிறகு யன்னலில் கிளாசில் வாடிக்கொண்டிருந்த இலைக்கட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், இது செல் இல்லை. செலெரி," என்றாள். "ஒரு கைப்பிடி செலெரி இலை. பேந்து கடைசியிலயும் ஒரு கைப்பிடி. உதுதான் செலெரி. நான் லிஸ்ட்டில எழுதினனான்."

கறிவேப்பிலைக்குப் பதிலாகச் சும்மா தந்தது என்று நாங்கள் மெச்சிய அந்தக் கட்டுக்குக் காசு எடுத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இருவரும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் குசினி நிலத்தில் இருந்துவிட்டோம். சிரித்து முடிந்ததும் ஒரு ஒப்பந்தம் செய்தோம். அப்பாவுக்கு ஒரு சொல் சொல்வதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் மெலனி குசினியில் நிற்பாள். ருசி பார்க்கமாட்டாள், உப்புச் சாடியை மட்டும் ஒளித்துவைப்பாள்.

திங்கட்கிழமை டோர்வலிலிருந்து என் விமானம். அன்ரன் காரை நிறுத்தப் போயிருந்த நேரம், த்ரீஸ் வேலை உடுப்போடு என்னைத் தேடி வந்தான். அவனும் நானும் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிக் கதைத்தோம். நீயும் குடித்தாயா என்று கேட்டான். ஆம் என்றேன். எத்தனை கிளாஸ் என்றான். ஐந்து என்றேன். தனக்கு ஏழு என்றான். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்த்துச் சேர்த்து, இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறானாம். ஐந்து லீற்றர் இப்போது பதினைந்து லீற்றராகிவிட்டது என்றான். ஊற்றி விடலாமே என்று கேட்டேன். அவன் சிரிப்பு நின்றது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, தன் மனைவியைத் தவிர வேறு ஒருவரும் தனக்காக அடுப்பு மூட்டியதில்லை, அதை எப்படி ஊற்றுவது என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த முறை உப்பால் அல்ல.

அதற்குள் அன்ரன் வந்துவிட்டான். வந்த வேகத்தில் த்ரீஸின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, வருகிற வெள்ளிக்கும் ஹரீரா வருகிறது என்று அறிவித்தான். த்ரீஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, அன்ரன் பழக்கிவிட்ட தமிழில், "ஓம் மச்சான்," என்றான்.

அடுத்த சனிக்கிழமை நான் யாழ்ப்பாணத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அன்ரன். குரலில் உற்சாகமே இல்லை. ஹரீரா வைத்தாயா என்று கேட்டேன். வைத்தானாம். மெலனியும் கூட நின்றாளாம். உப்புச் சாடியைத்தான் காணவில்லையாம், கீழ் வீட்டு மதாமிடம் கேட்டால் அவவிடமும் இல்லையாம். கடைசியில் ஒரு சின்னக் கரண்டி அளவுக்கு மெலனி எங்கிருந்தோ எடுத்துத் தந்தாளாம். த்ரீஸ் எத்தனை கோப்பை குடித்தான் என்று கேட்டேன். ஐந்து என்றான். மற்ற மொரோக்கோக்காரருக்கும் அவனே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தானாம்.

பிறகென்ன கவலை என்றேன்.

"இந்த முறை அவன் ஒரு கிளாஸ் தண்ணிகூடக் குடிக்கேல்லையடா," என்றான். "எனக்குக் கை தவறிப் போச்சுது."

நோன்பு பழகியிருக்கும், தண்ணீர் விடாய் குறைந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, வாய் கொப்புளிக்கப் போனேன்.